எழுத்துக் கூட்டலும் பொருள் கூட்டலும்

ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறும், பங்குக் குருக்களின் வரிசையும், மணிக்கூண்டுக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காணலாம். இந்தப் பக்கங்களில் நாம் எழுத எடுத்துக்கொண்டது சிறியதொரு பொருள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை ஒரு பக்கத்தைப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தானே அறிந்துகொள்ளும் வித்தை நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, எங்கெங்கே தடைப்பட்டது என்பதே அது.

இதற்கு வரலாறு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பங்கு மக்களில் சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், செய்தித்தாளைக் கொடுத்தால் தடங்கலின்றிப் படிக்கிறார்கள், இதற்கு மேல் என்ன என்று கேட்கலாம். படித்து முடித்த பிள்ளையிடம், “என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கும். சில பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்கும். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று நீளும் நம் பகுதியில் அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் பலர். வாயிலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையும், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் தாளும் தமிழில்தான் இருக்கின்றன. “பொருந்தாததை அடித்துவிடுக” என்ற ஒரு வரியில் பேனாவோடு திகைத்து நிற்கும் பெரியவர்களை எந்த அலுவலகத்திலும் காணலாம். அவர்களுக்கு எழுத்துத் தெரியும். எழுத்துக்குப் பின்னாலிருக்கும் பொருளைத் தேடிப் பிடிக்கும் பழக்கத்தைத்தான் சிறு வயதில் யாரும் கொடுக்கவில்லை.

இக்குறை இன்று முளைத்ததன்று. இதன் வேர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லும். கை, கண், வாய், காது நான்கும் ஒரே எழுத்தின்மேல் உழைத்தன. அரிச்சுவடி முடிந்தபின் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி எனத் தொடரும். எண்சுவடி வாய்ப்பாடு தனி. மூத்த பிள்ளை ஒன்று சட்டாம்பிள்ளையாக நின்று இளைய பிள்ளைகளுக்கு முறை சொல்லிக் கொடுக்கும். நினைவாற்றலுக்கு இதைப்போன்ற பயிற்சி வேறில்லை. நம் பாட்டன்மார் காகிதமின்றிக் காணி, முந்திரி வரை கணக்குப் போட்டது இந்தப் பள்ளியின் பலன். அதை இழிவாகப் பேசுவது நமக்கு உடன்பாடன்று.

இந்தத் திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு கடல் கடந்து போன கதை சுவையானது. 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கென ஓர் அநாதை இல்லம் ஏற்பட்டது. அதன் பொறுப்பேற்ற டாக்டர் ஆண்ட்ரு பெல் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலிக்கன் சபைக் குரு. நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் முகம் சுளித்தார்கள். பெல் விடவில்லை, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் வென்றான். பெல் ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் இதை ஒரு சிறு நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. 1832-ல் இறந்த அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் பணத்தால் ஸ்காட்லாந்தில் எழுந்த ஒரு பள்ளி ‘மதராஸ் கல்லூரி’ என்றே இன்றும் வழங்குகிறது. நம் சட்டாம்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை. ஆனால் பெல் எடுத்துச் சென்றது மணலையும் சட்டாம்பிள்ளையையும்தான். குறைந்த செலவில் பலருக்கு எழுத்தறிவிக்கும் வழி அது. எழுத்தறிந்த பிள்ளைக்குப் பொருளறிவிக்கும் வழி அந்த மூட்டையில் இல்லை.

அந்தக் குறையை அரசாங்கத் தாளில் முதன்முதலில் பதிந்தவர்களுள் பல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்ப்பெல் ஒருவர். சென்னை மாகாணக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் மாதத்தில், மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-ல் தொகுத்தபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு இத்தனை. அக்காலத்து அளவில் இது சிறிய எண்ணன்று. ஆயினும் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையின் படியே எட்டாத தூரம். கேம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில், சிக்கனத்தையும், பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் மெச்சுகிறார். கூடவே, பிள்ளைகள் எண்ணற்ற செய்யுள்களை ஒப்பிக்கிறார்கள், பொருள் மட்டும் கிளிக்குத் தெரிந்த அளவே அவர்களுக்கும் தெரியும் என்று குறிக்கிறார். வழங்காத பழைய மொழியில் அமைந்த செய்யுள்களைக் கொடுத்துவிட்டு, அவற்றை விளக்க ஆசிரியருக்கே திறமில்லை என்பது அவர் கண்ட காரணம். வெள்ளைக்காரர் சொன்னது என்று தள்ளவும் வேண்டாம், அவர் சொன்னதாலேயே வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். அவர் சொன்னது உண்மையா என்பதற்கு நம் வீட்டுக் கூடத்திலேயே சோதனை செய்து பார்க்கலாம்.

ஒப்பிப்பதை நம் திருச்சபையும் கைக்கொண்டிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்த்து, தாமே மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அச்சில்லாத காலத்தில், ஒரு கடற்கரை முழுவதையும் தனியொருவர் எட்டிப் பிடிக்க வேறு வழி என்ன இருக்கிறது? அவருக்குப் பின்வந்த சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் வாயோடு நில்லாமல் எழுத்துக்கும் போனார். 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சாகிய ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம். 16 பக்கங்கள். மறுவருடம் கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ 120 பக்கம் கொண்டது. அச்சுக்கலை தமிழுக்கு வந்தபோது முதலில் வந்தது சிறுவர்க்கும் எளியவர்க்குமான பாடநூல் என்பதில் பெருமைப்பட நமக்கு இடமுண்டு.

கொச்சியில் அச்சான நூல் வினா விடையாக அமைந்தது. வினா விடை என்பது நல்ல வடிவம். ஆனால் வினாவும் விடையும் இரண்டும் அச்சில் இருந்தால், பிள்ளை இரண்டையும் உருப்போட்டு விடும். ‘சின்னக் குறிப்பிடம்’ படித்து வளர்ந்த நம் மூத்தோர் இதை நன்கறிவர். அச்சிலிருக்கும் வினாவை அப்படியே கேட்டால் விடை மழைபோல் கொட்டும். அதே வினாவை வேறு சொல்லில் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். லத்தீன் பூசையும் ஒருவகையில் அப்படித்தான். பீடச் சிறுவர்கள் குருவுக்கு மறுமொழி சொன்ன அழகு எழுத்துப் பிசகாதது. சொன்னதன் பொருள் அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டில், மக்கள் உணர்ந்து முழுமையாகப் பங்குபெறவேண்டும் என்று முடிவு செய்தபோது, உலகத் திருச்சபை முழுவதும் செய்துகொண்ட மாற்றம் இதே திசையில்தான் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் தமிழுக்கு அநீதி செய்தவராவோம். பொருளறியாமல் ஒப்பிப்பது ஒரு மரபு என்றால், பொருளைத் துருவிப் பார்ப்பதும் நம்மிடம் மரபாகவே இருந்தது. காரணம் ஓலை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே மாதிரி நின்றன. நெடிலுக்குப் போடும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ‘பாதம்’ என்று எழுதியதைப் ‘பரதம்’ என்றும் படிக்கலாம். ‘காடு’ என்பது ‘கரடு’ ஆகலாம். ‘நாகம்’ எது, ‘நரகம்’ எது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது; முன்னும் பின்னும் என்ன சொல்லப்படுகிறது என்று பார்த்தே சொல்லவேண்டும். பாம்புக்கும் பாதாளத்துக்கும் இடையில் ஒரு கோடு கூட வித்தியாசமில்லாத எழுத்தைப் படித்தவர்கள் நம் முன்னோர். அந்த ஓலையைச் சரியாக வாசிக்க வல்லவன், வாசிக்கும்போதே பொருளையும் கண்டவனாகிறான். பொருளை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் படிக்க ஓலை இடம் கொடுக்கவில்லை.

இதிலிருந்து வளர்ந்ததே உரை மரபு என்று சொன்னாலும் தவறாகாது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூலின் பாயிரத்தில், ஓர் உரையில் இருக்கவேண்டிய 14 உறுப்புகள் கூறப்படுகின்றன. சொல்லைப் பிரித்தல், சொல்லுக்குப் பொருள் கூறல், உதாரணம் காட்டல், வினா எழுப்பல், விடை தருதல் எல்லாம் அதில் அடங்கும். ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, இதை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று கேட்ட உரையாசிரியர்களின் நாடு இது. அந்த வித்தையைப் புலவர்க்கென்று மேலே வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒப்பிப்பதை மட்டும் விட்டுவைத்ததுதான் நாம் செய்த பிழை.

ஓலையின் தடுமாற்றத்தைப் போக்க முயன்றவர் இத்தாலி நாட்டுக் குரு ஒருவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர், 1680-ல் பிறந்து 1711 அளவில் தமிழகம் வந்தார். எகர ஒகரக் குறிலும் நெடிலும் வேறுபடுமாறு அவர் எழுத்தில் குறியிட்டார். நெடிலுக்கு நாம் இன்று போடும் இரட்டைச் சுழிக் கொம்பு அந்த வழியில் வந்தது. ‘கெடு’ என்பதும் ‘கேடு’ என்பதும், ‘கொல்’ என்பதும் ‘கோல்’ என்பதும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறாகத் தெரிவது அந்தச் சுழியால். 1732-ல் அவர் முடித்த சதுரகராதி சொற்பொருளை அகர வரிசையில் தேடிக் காணும் வழியைத் தமிழுக்குத் தந்தது. அதுவரை நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்தவனுக்கே சொற்பொருள் கிட்டியது. அகராதி வந்தபின் மனப்பாடம் செய்யாதவனும் தேடலாம் என்றாயிற்று. சிறு சுழியொன்றும் அகர வரிசையொன்றும் செய்த உதவியைப் பெரிய காவியமும் செய்யாது என்று எமக்குத் தோன்றுகிறது. தேம்பாவணி அன்பர்கள் மன்னிப்பார்களாக.

அவரே எழுதிய பரமார்த்த குருவின் கதையைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டாத வீடு இருந்தால், இந்த ஜூபிலி ஆண்டிலாவது தொடங்கலாம். மன்றோ கணக்கெடுக்கச் சொன்ன அதே 1822-ல் அது லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் குருவுமாக ஆற்றைக் கடந்தபின் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஆறு பேர் வந்தோம், ஐவர்தாம் இருக்கிறோம், ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பதே பொருள் புரிந்தது என்பதற்கு அத்தாட்சி. பொருள் புரியாமல் ஒப்பிக்க முடியும், புரியாமல் சிரிக்க முடியாது.

பிற்காலத்துக்கு விரைந்து வருவோம். 1854-க்குப் பின் அரசு மானியம் பெற்ற பள்ளிகள் பெருகின. தேர்வில் எத்தனை பிள்ளை தேறுகிறதோ அதற்கேற்ப மானியம் என்ற ஏற்பாடு நெடுங்காலம் நடந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பாடத்தைத் தடங்கலின்றிப் படித்துக் காட்டினால் பணம். ஏழை ஆசிரியர் என்ன செய்வார்? பாடத்தையே மனப்பாடம் செய்வித்தார். ஓலைபோய் அச்சு வந்தும் திண்ணை அப்படியே நின்றது. விடுதலைக்குப் பின் பள்ளிகள் பெருகியதும், மதிய உணவு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் யாவரும் அறிந்ததே. 1978-ல் தமிழக அரசு, தந்தை பெரியார் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா ஆகியவையும், யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த ணை, லை, ளை, னை ஆகியவையும் மற்ற எழுத்துக்களின் ஒழுங்குக்கு வந்தன. நம் பங்கில் நாற்பதைத் தாண்டிய மூத்தோர் பலரின் பழைய செபப் புத்தகத்தில் அந்தத் துதிக்கையை இன்றும் காணலாம். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது. ஆனால் எழுத்து எளிதானால் படிப்பது எளிதாகும், புரிந்துகொள்வது தானாக வராது.

முதல் பெரிய திருப்பம் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வந்தது. அப்போது ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் அவர்கள், ஆந்திராவிலுள்ள ரிஷி வேலிக் கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். பாடப் புத்தகம் சின்னச் சின்ன அட்டைகளாயிற்று. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியின் அட்டையை எடுக்கும். ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. 2007-ல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது விரிந்தது. பிள்ளையின் அச்சத்தைப் போக்கியதில் இதற்கு ஈடில்லை. ஆயினும் அட்டை ஒரு பொல்லாத பொருள். அதை முடித்து அடுத்ததை எடுக்கும் அவசரத்தில், முடித்த அட்டையில் என்ன இருந்தது என்று நின்று கேட்க ஆளில்லாமற் போவதுண்டு. ஆசிரியர் அருகில் அமர்ந்து கேட்ட வகுப்பில் அது வென்றது. அட்டையே ஆசிரியர் என்று விட்ட வகுப்பில் ஒப்பித்தலின் புதிய உருவமாயிற்று.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-ல் முதல் வகுப்பில் பெயர் கொடுத்த பிள்ளை, வகுப்பறையின் வாசலை மிதித்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. வீட்டில் படித்த தாய் தந்தை உள்ள பிள்ளை எப்படியோ தப்பியது. தலைமுறையில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எழுத்தே மறந்தது. இந்தப் பள்ளத்தை நிரப்ப 2022 ஜூன் 13-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கப்பட்ட இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை வயதால் பிரிக்காமல் அவர்கள் நிற்கும் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தார்கள். 2025-க்குள், எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றும் பிழையின்றிப் படிக்கவேண்டும் என்பதோடு நில்லாமல் பொருளுணர்ந்து படிக்கவேண்டும் என்பதையும் இலக்காக வைத்தார்கள். மறுவருடம் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் அது போயிற்று. ‘பொருளுணர்ந்து’ என்ற சொல்லை அரசு தன் இலக்கிலேயே எழுதியது பெரிய காரியம். கேம்ப்பெல் துரை கண்ட கிளியைப் பற்றிய பேச்சு, ஏறத்தாழ 200 ஆண்டு கழித்து நம் மாவட்டத்திலேயே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அளக்கும்போது பெரும்பாலும் அளக்கப்படுவது வாய்தான். பிள்ளை கடகடவென்று படித்தால் தேறிற்று என்று குறித்துக்கொள்வது எளிது. புரிந்ததா என்று அறிய, ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடம் உட்காரவேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதை, ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் நம் இளைஞர்களுக்காகவும் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தாய்மார்களுக்காகவும் சற்று விரித்து எழுதுகிறோம். பெரிய கதை வேண்டாம். மூன்று வரி போதும். நம் பகுதி உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றை எழுதிக் கொடுக்கலாம்: “மாரி உப்பளத்துக்குப் போனாள். வானம் கறுத்திருந்தது. அவள் ஓடிப்போய் உப்புக் குவியலை ஓலையால் மூடினாள்.”

முதல் தடவை பிள்ளையே படிக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் இடையில் திருத்தவேண்டாம். இரண்டாம் தடவை நாம் படிக்க, பிள்ளை விரல் வைத்துப் பின்தொடரட்டும். பிறகு வினா. “மாரி எங்கே போனாள்?” என்பது வினாவே அன்று; அது முதல் வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. எல்லாப் பிள்ளையும் சொல்லும். “மழை பெய்ததா?” என்று கேளுங்கள். பெய்தது என்று வகுப்பே கத்தும். “எந்த வரியில் போட்டிருக்கிறது? விரலை வை” என்று சொல்லுங்கள். இப்போதுதான் பிள்ளை உண்மையில் படிக்கத் தொடங்குகிறது. முதல் வரியில் தேடும், இரண்டாம் வரியில் தேடும். மழை என்ற சொல்லே இல்லை என்று கண்டதும் அதன் முகத்தில் வரும் வியப்பைப் பார்க்கவேண்டும். அப்படியானால் மழை வரப்போகிறது என்று நமக்கு எப்படித் தோன்றியது? ‘கறுத்திருந்தது’ என்ற சொல்லாலும் ‘ஓடிப்போய்’ என்ற சொல்லாலும். ‘ஓடிப்போய்’ என்பதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், அவசரம் போய்விடும். நனைந்தால் உப்பு என்னவாகும் என்பது கதையில் இல்லை. அது பிள்ளையின் வீட்டில் இருக்கிறது. எழுதியிருப்பது எது, எழுதியதிலிருந்து நாம் ஊகித்தது எது, நமக்கு முன்பே தெரிந்தது எது என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க ஏழு வயதுப் பிள்ளையால் முடியும். நன்னூலார் பெரியவர்களுக்குச் சொன்ன உறுப்புகளில் மூன்று நான்கு இந்தச் சின்ன வேலைக்குள் வந்துவிட்டன.

இதற்கு வேண்டுவது பொறுமை. வினாவைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது ஆசிரியத் தொழிலில் மிகக் கடினமான பகுதி. மௌனம் நீண்டால் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையும் அதை அறிந்துகொண்டு, காத்திருந்தால் விடை வரும் என்று நம் முகத்தைப் பார்க்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று முந்திக்கொண்டு சொல்லிவிடும். அதன் கையை மெல்ல இறக்கிவைக்கவேண்டும். மனப்பாடத்தை அடியோடு விடவும் வேண்டாம். செபங்களும் பாட்டும் வாய்ப்பாடும் மனத்தில் இருக்கட்டும். மனத்தில் இருப்பதை எடுத்து வைத்து வினா கேட்கலாம். மனத்திலேயே இல்லாததைப் பற்றி எதைக் கேட்பது? பிள்ளைகள் சொல்லும் செபத்திலேயே ஒரு சொல்லைப் பிடித்து, “இது என்ன, ஏன் இங்கே வருகிறது?” என்று வாரம் ஒரு சொல்லாகக் கேட்டு வந்தால் ஓராண்டில் 50 சொல்லாகிறது.

இன்னொரு கூட்டத்தையும் நாம் மறக்கலாகாது. நம் மாவட்டத்துச் செங்கற் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். பருவம் தொடங்கும்போது வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பும் அவர்களோடு பிள்ளைகளும் வந்து போகின்றன. அந்தப் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் உட்கார வைத்தால் ‘அ, ஆ’ எழுதப் பழகும், ஒப்பிக்கவும் செய்யும். நாம் இதுவரை எழுதிய குறை அத்தனையும் அதனிடம் ஒருசேரக் காணலாம், ஏனெனில் ஒப்பிக்கும் மொழி அதன் வீட்டு மொழியன்று. இதை உணர்ந்து, மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, ஒடிசாவிலிருந்து பாடநூல்களையும் ஒடியா தெரிந்த ஆசிரியர்களையும் வரவழைத்துச் சூளைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியிருக்கின்றன. ஊர் திரும்பும்போது அங்குள்ள பள்ளியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது ஏற்பாடு. மூன்று வரிக் கதையை அந்தப் பிள்ளைகளுக்கும் எழுதலாம். உப்பளத்துக்குப் பதில் சூளை. குவியலுக்குப் பதில், காய்ந்துகொண்டிருக்கும் பச்சைக் கல். வானம் கறுத்தால் எதை மூடவேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.